மேட்டில் ஓர் இடம்

அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து நான் ஓய்வு பெற்ற சூட்டோடு, எங்கள் சபைக் கமிட்டி என்னைக் கல்லறைத் தோட்டத்துக்குப் பொறுப்பாளராகப் போட்டுவிட்டது. "வாழ்நாள் பூரா ஆளுங்கள ஏத்தி எறக்கினவரு, இதுக்கும் அவருதான் சரி" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்துக்கொண்டே கை தூக்கினார்களாம். நான் அன்று போகவில்லை. என் மனைவி போயிருந்தாள். கை தூக்கினவர்களில் அவளும் ஒருத்தி.

"என்னடி, என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?" என்றேன்.

"கேட்டா வேணாம்பீங்க. வீட்ல உக்காந்து டி.வி. பாக்கறதுக்கு, அங்க போயி ரெண்டு புல்லப் புடுங்கினா உடம்புக்கும் நல்லது, ஆத்துமாவுக்கும் நல்லது."

எங்கள் ஊர் கூத்தாநல்லூருக்கு மேற்கே, வெண்ணாற்றுத் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. என் தாத்தா காலத்தில் எங்கள் சபையார் எல்லாருமே அடுத்தவர் வயலில் நடவு நட்டவர்கள். இப்போது பாதிப் பேருக்குக் கொஞ்சம் நிலம் உண்டு, மீதிப் பேருக்குப் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் உண்டு. ஆனால் கல்லறைத் தோட்டம் மட்டும் அன்று கொடுத்த அதே பள்ளத்தில்தான் கிடக்கிறது. நல்ல மேட்டு நிலத்தை யார் எங்களுக்குக் கொடுத்திருப்பார்கள்? ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தோட்டம் குளமாகிவிடும். சிலுவைகள் மட்டும் வெளியே தெரியும். அதன் மேல் கொக்கு வந்து உட்காரும். மழைக்காலத்தில் யாராவது இறந்துபோனால் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டே குழி வெட்டுவோம். குழி ஊறி நிறைவதற்குள் அடக்கத்தை முடிக்க வேண்டும் என்பதால் போதகர் ஜெபத்தைச் சுருக்கிக்கொள்வார்.

தோட்டத்தின் வடகிழக்கு மூலையில் மட்டும் கொஞ்சம் மேடு. எப்போதோ வாய்க்கால் தூர் வாரியபோது கொட்டிய மண் இறுகி, அப்படியே நின்றுவிட்டது. எந்த மழைக்கும் அங்கே தண்ணீர் ஏறாது. நான் பொறுப்பேற்று முதல் வேலையாகப் புல்லைச் செதுக்கிப் பார்த்தபோது, அந்த மேட்டில் இன்னும் ஒரே ஒரு குழிக்குத்தான் இடம் மீதி என்று தெரிந்தது. பக்கத்தில் ஒரு வேப்பமரம். ஆற்றுக் காற்று நேராக வந்தது. நான் அங்கே ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் மனசுக்குள் ஒரு துண்டைப் போட்டு இடத்தைப் பிடித்துவிட்டேன்.

எனக்கு விசுவாசம் இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்று ஞாயிறுதோறும் சபையோடு சேர்ந்து சத்தமாகச் சொல்கிறவன் நான். பரலோகம் உண்டு, அங்கே கண்ணீர் இல்லை, மூட்டு வலி இல்லை, இதிலெல்லாம் எனக்குக் கடுகளவும் சந்தேகம் கிடையாது. ஆனால் இங்கே கிளம்புவதற்கும் அங்கே போய்ச் சேர்வதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது அல்லவா? அதுவரை ஈரமில்லாத இடத்தில் காத்திருக்கலாமே என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"ஒரு குழிக்குத்தான் எடம்னா, யாருக்கு? உங்களுக்கா எனக்கா?" என்று கேட்டாள்.

"யாரு மொதல்ல போறாங்களோ அவங்களுக்கு."

"அப்போ எடத்துக்காக நான் அவசரப்படணுமா?"

எங்கள் பக்கம் ஒரே குடும்பத்தில் இரண்டு பேரை ஒரே குழியில், ஒருவர் மேல் ஒருவராக அடக்கம் செய்வது உண்டு. குழியை ஆழமாக வெட்டினால் போதும். அதைச் சொன்னேன். அவள் அலசின மீனைச் சட்டியில் போட்டாள்.

"ரயில்ல பெர்த்து மாதிரியா?"

"அப்படித்தான்னு வெச்சுக்கயேன்."

"அப்போ கீழ் பெர்த்து எனக்கு. முட்டி வலிய வெச்சுக்கிட்டு என்னால மேல ஏற முடியாது."

விஷயம் இதோடு வீட்டுக்குள் இருந்திருந்தால் நல்லது. சனிக்கிழமை பாட்டுப் பயிற்சியில் என் மனைவி இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிவிட்டாள். பாட்டுப் பயிற்சி நடத்துவது டீச்சர். டீச்சர் என்றால் எங்கள் ஊரில் ஒரே ஒருவரைத்தான் குறிக்கும். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்று வெகு காலம் ஆகிறது. எழுபதைத் தாண்டியவர். என் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர். அவருடைய கணவர்தான் மேட்டில் கடைசியாகப் படுத்திருப்பவர்; அந்தக் குழியை அப்போது ஆழமாக வெட்டவில்லை, ஒருவருக்கு மட்டும்தான். நான் துண்டு போட்ட இடம் அவருக்குப் பக்கத்து இடம்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் டீச்சர் என்னை வாசலில் நிறுத்தினார்.

"தம்பி, பெர்த்து புக் பண்ணிட்டீங்களாமே?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர், சும்மா பேசிக்கிட்டிருந்தோம்."

"சும்மா பேசறதுக்கு வேற எடம் பாருங்க. அது எங்க வீட்டுக்காரர் பக்கத்து எடம். நான் இல்லாம அவருக்கு ஒண்ணும் ஓடாது."

அடுத்த நாள் நான் தோட்டத்துக்குப் போனபோது, அந்த இடத்தின் நடுவில் ஒரு நந்தியாவட்டைச் செடி நட்டிருந்தது. சுற்றி அழகாகக் கல் பதித்து, தண்ணீரும் ஊற்றியிருந்தார்கள். சட்டப்படி பார்த்தால், கமிட்டி அனுமதி இல்லாமல் தோட்டத்தில் யாரும் செடி வைக்கக் கூடாது. அந்தச் சட்டத்தை அன்றைக்குத்தான் நான் கண்டுபிடித்தேன். செடியை வேரோடு எடுத்து, வாடாமல் ஒரு பக்கெட்டில் வைத்து, மரியாதையாக டீச்சர் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

வழக்கு கமிட்டிக்குப் போனது. எங்கள் போதகர் இளவயதுக்காரர். கல்யாணமாகி, கைக்குழந்தையோடு இந்த ஊருக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. தூக்கம் கெட்ட கண்ணோடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரும் இன்னும் சாகலையே. அதுக்குள்ள எதுக்குங்க இது?" என்றார்.

"ஐயா, ரிசர்வேஷன்னா பயணத்துக்கு முன்னாடிதான் பண்ணணும். வண்டி கிளம்பின பெறகு பண்ண முடியுங்களா?" என்றார் டீச்சர்.

கமிட்டியில் ஒருத்தருக்கும் டீச்சரை எதிர்த்துப் பேச நாக்கு எழவில்லை. பாதிப் பேர் அவரிடம் பெஞ்சு மேல் ஏறி நின்றவர்கள். போதகர் ஒரு முடிவும் சொல்லாமல், எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, நீளமாக ஒரு ஜெபம் பண்ணிக் கூட்டத்தை முடித்துவிட்டார். அதன் பிறகு நானும் டீச்சரும் பேசிக்கொள்ளவில்லை. ஆராதனையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வரும்போது, அவர் எனக்குப் பின்னால் இருக்கும் தூணுக்குக் கும்பிடு போடுவார். நான் அவருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலுக்குப் போடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வருஷத்து நடவுக்கு வடக்கேயிருந்து ஆட்கள் வந்தார்கள். சில வருஷங்களாகவே எங்கள் பக்கம் நடவுக்கு அவர்கள்தான். இவர்கள் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். ஊர்ப் பொதுக் கட்டடத்தில் தங்கி, விடியும் முன்னே வயலில் இறங்கி, கயிறு பிடித்ததுபோல் நேர் வரிசையாக நட்டுக்கொண்டே போவார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, மழை தூறிக்கொண்டிருந்தது. நான் கோயில் வாசலில் நின்று வருகிறவர்களை உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். பழைய தொழில் பழக்கத்தில் "உள்ள போங்க, உள்ள போங்க, முன்னாடி எடமிருக்கு" என்றுதான் எனக்கு வாயில் வரும். படியில் ஓர் ஆள் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். அகன்ற தோள், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை இன்னும் போகாத சேற்றுக் கறை. என்னைப் பார்த்துச் சிரித்து, சட்டைக்குள்ளிருந்து ஒரு சிறிய மரச் சிலுவையை எடுத்துக் காட்டினார். டிக்கெட் காட்டுகிற மாதிரி இருந்தது. "உள்ள போங்க" என்றேன்.

அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாது. பிரசங்கம் முழுக்கக் கைகட்டி, கண்மூடி உட்கார்ந்திருந்தார். ஆனால் கீபோர்டில் பாட்டின் முதல் வரி வாசித்ததும் அவர் கண்கள் திறந்தன. அந்த ராகம் அவருக்குத் தெரிந்தது. நாங்கள் தமிழில் பாட, அவர் தன் மொழியில் ஆரம்பித்தார். அப்படி ஒரு குரல்! எங்கள் பாடகர் குழு மொத்தமும் சேர்ந்தால்கூட அவருக்குப் பாதி தேறாது. போதாததற்கு, நாங்கள் இழுத்துப் பாடுகிற பாட்டை அவர் மலையிறங்குகிறவர் மாதிரி விறுவிறுவென்று பாடி, எங்களுக்கு முன்னாலேயே ஆமென் சொல்லிவிட்டார். டீச்சர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நாங்களாக இருந்தால் பெஞ்சு மேல் ஏறியிருப்போம். அவர் டீச்சரைப் பார்த்துப் பளிச்சென்று சிரித்தார்.

ஆராதனை முடிந்ததும் டீச்சர் நேராக அவரிடம் போனார். இளவயதில் டீச்சர் தபால் வழியாக ஹிந்திப் பரீட்சை எழுதித் தேறியவர் என்று எங்களுக்குக் கேள்வி உண்டே தவிர, அந்த ஹிந்தியை யாரும் கேட்டதில்லை. அன்றுதான் கேட்டோம். ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியாக, கரும்பலகையில் எழுதுவதுபோல் சொன்னார். என்ன கேட்டாரோ, வந்தவர் வாய் பொத்திச் சிரித்துவிட்டுப் பதில் சொன்னார். பிறகு என் மனைவி விசாரித்ததில், டீச்சர் "நீங்கள் எந்த வகுப்பில் படிக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டாராம். மனசில் நின்ற பாடம் அதுதான் போலிருக்கிறது.

அவருடைய ஆட்கள் அவரை 'பாய்', அதாவது அண்ணன், என்று கூப்பிட்டார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தோம். கூத்தாநல்லூர்ப் பக்கம் பாய் என்றால் வேறு அர்த்தம். கறிக்கடைக்காரர் ஒருநாள் என்னிடம், "என்னங்க, உங்க கோயில்ல எங்க ஆளு ஒருத்தரு ஞாயித்துக்கெழம வந்து பாடுறாராமே?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னதும், "யாரா இருந்தா என்ன, சத்தமா பாடுறாருன்னு கேள்விப்பட்டேன், நல்லா இருக்கட்டும்" என்றார்.

பாய் ஒரு ஞாயிறு மதியம் என்னோடு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். நான் கூப்பிடவில்லை. மண்வெட்டியோடு போகிறதைப் பார்த்துத் தானாகப் பின்னால் வந்தார். அரை நாள் வேலையாக நான் வைத்திருந்த புல்லை, நாற்றுப் பறிக்கிற அந்தக் கை கொஞ்ச நேரத்தில் பறித்து ஒதுக்கிவிட்டது. பிறகு மேட்டைக் காட்டி இது என்ன என்று சைகையில் கேட்டார்.

"மேடு" என்றேன். கையால் உயரத்தைக் காட்டினேன். நல்ல இடம் என்று நெஞ்சில் தட்டிக் காட்டினேன்.

அவர் தன் ஊரில் எங்கே அடக்கம் பண்ணுவார்கள் என்று காட்டினார். கையை மேலே மேலே ஏற்றி, குதிகாலை உயர்த்தி, மூச்சு வாங்குகிற மாதிரி நடித்துக் காட்டினார். மலை. பெரிய மலை. அந்த உச்சியில். பிறகு எங்கள் மேட்டின் அருகே போய், தன் இடுப்புவரை கையால் அளந்து காட்டி, இதுதானா உங்கள் மலை என்பதுபோல் என்னைப் பார்த்தார். பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வேப்பமரத்தில் சாய்ந்து சிரித்தார். எனக்கு முதலில் கோபம் வந்தது. ஒரு வருஷமாக டீச்சரோடு நான் சண்டை போடும் இடம் அது. ஆனால் சுற்றிலும் பார்த்தேன். அடிவானம் வரை தட்டையாக வயல். அதன் நடுவில் இடுப்பு உயர மண்ணுக்கு நாங்கள் கமிட்டி கூட்டி வழக்குப் பேசியிருக்கிறோம். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் மொழி இல்லாமல் ரொம்ப நேரம் சிரித்தோம்.

பாய் இறந்துபோனது ஒரு வாரநாள் காலையில். கோயிலை ஒட்டிய வயலில் நட்டுக்கொண்டிருந்தவர், களைப்பாக இருக்கிறது என்று வரப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார். அப்படியே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். மாரடைப்பு என்றார்கள், வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள்.

அவர்கள் கூட்டத்தை அழைத்து வந்திருந்த மேஸ்திரிக்குத் தமிழ் ஓரளவு வரும். மாலையில் அவர் நனைந்துகொண்டே என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணா, பாய் வீட்டுக்குப் போன் பண்ணேன். அவங்க வைஃப் பேசினாங்க. ரொம்ப தூரம், மழை, பாடி கொண்டுபோறது கஷ்டம். அவங்க சொல்றாங்க, பாய் சண்டே சண்டே உங்க சர்ச் போட்டோ அனுப்புவாராம். இங்க நம்ம ஆளுங்க இருக்காங்கன்னு சொல்வாராம். அங்கயே, அவங்ககூடவே வெச்சிடுங்கன்னு சொல்றாங்க."

என் மனைவி சமையல்கட்டிலிருந்து வந்து நின்றாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் எனக்கும் அழலாம் என்று தோன்றியது.

நான் தோட்டத்துக்கு ஓடினேன். ஒரு வாரமாக விடாத மழை. வாய்க்கால் வழிந்து, தோட்டம் முழுக்க முழங்கால் தண்ணீர். குழி வெட்டுகிறவரும் நானும் மோட்டாரைப் போட்டுப் பார்த்தோம். இறைக்கிற தண்ணீரைவிட ஊறுகிற தண்ணீர் அதிகம். சுவரோரமாக ஓர் இடத்தில் வெட்டிப் பார்த்தோம். இரண்டு வெட்டு வெட்டுவதற்குள் குழி குட்டையாகிவிட்டது. அவர் மண்வெட்டியை ஊன்றி நின்று மேட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

எனக்கு அந்த இடத்தின் மேல் இருந்த ஆசை போய்விட்டது என்று சொன்னால் பொய். ஒரு கணம், நாளைக்கு மழை விட்டுவிடாதா என்று வானத்தைப் பார்த்தேன். பிறகு வேப்பமரத்தில் சாய்ந்து சிரித்த அந்த முகம் ஞாபகம் வந்தது. என் துண்டை எடுத்துக்கொள்வது அதன் பிறகு கஷ்டமாக இல்லை. ஆனால் டீச்சரிடம் எப்படிக் கேட்பது? என்னுடையது வெறும் ஆசை. அவருடையது உரிமை.

டீச்சர் வீட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளி வைத்தார். துண்டால் தலையைத் துடைத்தபடி நான் எதையெதையோ பேசினேன். மழையைப் பற்றி, மோட்டாரைப் பற்றி, வாய்க்காலைப் பற்றி.

"தம்பி, பாய எங்க வெக்கப் போறீங்க?" என்று நடுவில் கேட்டார்.

"அதான் டீச்சர்... எல்லா எடமும் தண்ணி. மேட்டுல மட்டும்தான்..."

"அப்புறம் எதுக்குத் தயங்குறீங்க? அங்க வெட்டச் சொல்லுங்க."

"டீச்சர், அது உங்க எடமாச்சே" என்றேன்.

"நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா வாழ்ந்தது போதாதா? கொஞ்ச காலம் தள்ளிப் படுத்தா என்ன ஆயிடும்?" என்றார். "எழுந்திரிக்கும்போது எல்லாரையும் ஒரே சத்தத்துலதான எழுப்பப் போறாரு? மேட்டுல இருக்கறவங்களுக்கு ஒரு தரம், பள்ளத்துல இருக்கறவங்களுக்கு ஒரு தரமுன்னு தனித்தனியாவா கூப்பிடுவாரு?"

முறத்தை மறுபடி இழுத்து ஒரு பூண்டை எடுத்தார்.

"ஒண்ணு மட்டும். எங்க வீட்டுக்காரர் பயங்கரமா கொறட்ட விடுவாரு. பாய் பாவம், அது அவருக்குத் தெரியாது."

நான் சிரித்துவிட்டேன். சிரிப்போடு அழுகையும் வந்தது. டீச்சர் எழுந்து எனக்கு ஒரு காய்ந்த துண்டு கொடுத்தார், காபி போட்டுக் கொடுத்தார். எங்கள் சண்டை அதோடு முடிந்தது. மன்னிப்பு என்ற வார்த்தையை இரண்டு பேருமே சொல்லவில்லை.

மறுநாள் அடக்கம். கோயிலிலிருந்து தோட்டத்துக்குப் போகிற பாதை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் மூழ்கிவிட்டிருந்தது. பெட்டியை எப்படித் தூக்கிப்போவது என்று நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது, பக்கத்து வயல்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்ல. பாய் கடைசியாக நட்ட வயல் அவருடையதுதான். மண்வெட்டியை எடுத்துத் தன் வரப்பை வெட்டிவிட்டார். பாதையில் நின்ற தண்ணீர் சளசளவென்று அவர் வயலுக்குள் இறங்கியது. முந்தின நாள் நட்ட பச்சை நாற்று எங்கள் கண்முன்னே முங்கியது.

"ஐயோ, நாத்து அழுகிடுங்க!" என்றேன்.

"அது அவரு கையால நட்டது. அவருக்காக ஒருநாள் முங்கிக் கெடந்தா செத்துடாது. நீங்க போங்க" என்றார்.

பாயின் ஆட்கள் முன்னால் தோள் கொடுத்தார்கள், நாங்கள் பின்னால் கொடுத்தோம். முழங்கால் சேற்றில் நடந்தோம். வழியெல்லாம் டீச்சர் குடையோடு கூடவே வந்தார். கையைப் பிடித்துக்கொள்ளப் போன என் மனைவியிடம், "எனக்கு நடக்கத் தெரியும், நீ உன் முட்டியப் பாத்து வெச்சு நட" என்றார்.

மேட்டில் இறுகின மண், குழியில் தண்ணீர் ஊறவில்லை. அன்று போதகர் ஜெபத்தைச் சுருக்கவில்லை. மேஸ்திரி போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதில் பாய் வீட்டார் முகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு தெரிந்தன. ஒரு முற்றம், பின்னால் கோழிகள், முக்காடு போட்ட ஒரு பெண், அவளை அணைத்துக்கொண்டு இன்னொரு பெண். மண் போடும் நேரத்தில் டீச்சர், பாய் முதல் ஞாயிறு பாடிய அந்தப் பாட்டை எடுத்தார். அந்தப் பக்கம் அவர்களும் பாட ஆரம்பித்தார்கள். மழையில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. அவர்கள் வேகமாகப் பாடுகிறவர்கள், போன் தாமதமாகக் கொண்டுவருகிறது. ஒன்றை ஒன்று சரிக்கட்டி, கடைசி வரியில் நாங்களும் அவர்களும் ஒன்றாகவே வந்து சேர்ந்தோம். ஆமென் மட்டும் எந்த மொழியில் யார் சொன்னது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நான் எத்தனையோ அடக்கங்களில் நின்றிருக்கிறேன். பொறுப்பாளர் ஆன பிறகு, குழியின் அளவு சரியா, பெட்டி கோணலாக இறங்குகிறதா என்பதிலேயே கண் இருக்கும். அன்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது. இந்த மனிதர் எழுந்திருக்கும் நாளில் கண் திறந்து பார்த்தால், மலையைக் காணோமே, இது எந்த ஊர் என்று விழிப்பார். சுற்றிலும் நாங்கள் எழுந்து உட்கார்ந்திருப்போம். யாராவது அவருக்கு வழி சொல்ல வேண்டும். அந்த நினைப்பில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. எனக்கு இத்தனை வருஷமாகப் பரலோகம் என்றால் போய்ச் சேர்கிற ஓர் இடம். ஓர் ஆளை எதிர்பார்த்து அந்த நாளுக்கு ஆசைப்பட்டது அன்றைக்குத்தான்.

வயல்காரர் மாலையில் தண்ணீரை வடித்துவிட்டார். நாற்றும் பிழைத்தது. அந்த மூலையில் மட்டும் கொஞ்சம் சொத்தையாக வந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் நடவு ஆட்களோடு பாயின் மனைவி வந்தார். நட வந்தாரா, பார்க்க வந்தாரா என்று நாங்கள் கேட்கவில்லை. வந்தவர் இரண்டையும் செய்தார். கல்லறைத் திருநாளன்று நாங்கள் எல்லாரும் தோட்டத்துக்குப் போனோம். தூறலில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. கொளுத்துவதும் அணைவதுமாக ஒரு தீப்பெட்டி தீர்ந்தது. கடைசியில் என் மனைவி குடையை விரித்துக் கல்லறை மேல் பிடித்துக்கொண்டாள். நாங்கள் எல்லாரும் நனைந்தோம், மெழுகுவர்த்தி எரிந்தது.

அந்தப் பெண் ஈரமண்ணில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து வெகுநேரம் எதையோ பேசிக்கொண்டிருந்தார். ஊர்ச் செய்திகளாக இருக்கும். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்துக் கல்லறையைக் காட்டி டீச்சரிடம் ஏதோ கேட்டார். டீச்சர் தன் ஹிந்தியில், அது என் கணவர் என்றார். அந்தப் பெண் இரண்டு கல்லறைகளையும், நடுவில் இடம் இல்லாததையும் பார்த்தார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் நீங்கள் எங்கே என்று சைகையில் கேட்டார்.

டீச்சர் சுவரோரப் பள்ளத்தைக் காட்டினார். அங்கே தவளைகள் கத்திக்கொண்டிருந்தன, தண்ணீர் தேங்கி நின்றது. அந்தப் பெண் பதறிப்போய்த் தலையை ஆட்டினார்.

டீச்சர் ஹிந்தியில் வார்த்தை தேடினார். எந்தப் பாடத்திலும் அது வரவில்லை போலிருக்கிறது. குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் காற்றில் வீசி வீசி நீச்சல் அடித்துக் காட்டினார். எழுபது வயதைத் தாண்டியவர், கல்லறைத் தோட்டத்தின் நடுவில், விடாத தூறலில்.

அந்தப் பெண் திகைத்துப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். கணவரைப் போலவே சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. போதகரின் குழந்தை அதைப் பார்த்துக் கைதட்டியது.

அன்று மதியம் அவர்கள் எல்லாருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. விரால் மீன் குழம்பு காரம் போதவில்லை என்று அந்தப் பெண் பச்சை மிளகாய் கேட்டு வாங்கிக் கடித்துக்கொண்டார். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, சோறு, குழம்பு, மிளகாய் என்று ஒவ்வொன்றாகத் தமிழ் சொல்லிக் கொடுத்தார். தப்பாகச் சொன்னபோது திருத்தவும் செய்தார்.